பற்றரி வயரைக் கழற்றியவர்

மருதனார்மடத்தில் என் பிக்கப்புக்குச் சுவிச்சில் இயங்கும் கதவுக் கண்ணாடியும் பூட்டும் பொருத்தியவரின் நெற்றி நிறைய விபூதி, விரல் நிறையக் கிறீஸ். வேலை முடிந்ததும் என்னை உள்ளே இருத்தி, கதவுகளைப் பூட்டிவிட்டு, பற்றரி வயரைக் கழற்றினார்.

“இப்ப வெளியிலை வாங்கோ, அண்ணை.”

சுவிச்சை அமத்தினேன். ஒன்றும் அசையவில்லை.

“என்ன, பேய்க்காட்டுறியளோ?” என்று கத்தினேன்.

“சுவிச்சை விடுங்கோ. கதவிலை இருக்கிற உந்தக் குமிழைக் கையாலை இழுங்கோ.”

இழுத்தேன், கதவு திறந்தது.

“இன்னொருக்கா. ஆமியின்ரை ஹெலி சுட வாற நேரம் உதைப் பழகிக்கொண்டிருக்கேலாது.” எல்லா வாகனக்காரரையும் இப்படித்தான் மூன்று தரம் இழுக்க வைப்பாராம்.

அந்த மாதமே கோப்பாயில் ஹெலி சுட்டது. முதல் சன்னம் பொனற்றைத் துளைத்து, எஞ்சினும் சுவிச்சும் செத்துப்போயின. குமிழை இழுத்த நினைவே இல்லை, வாழைத்தோட்டத்துக்குள் கிடந்தேன்.

நன்றி சொல்லப் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்:

“முதல் இழுவையிலையே திறந்துதோ?”