சோப்பு போடாதவர் மேல் சென்ட் வழக்கு

பூச்சி ஆய்வுக்கூடத்து அம்மா சென்ட் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தாராம். அந்த நெடியில் இருநூறு ஆண் அந்துப்பூச்சிகள் கெட்டு, ஆறு வார ஆராய்ச்சி பாழாம். டீக்கடை வரை இதே பேச்சு. பத்திரிகைக்காரனான எனக்கும் மூக்கு இருக்கிறது. மோந்து பார்த்துவிடலாம் என்று போனேன்.

வாசலிலேயே நிறுத்தி அவர்தான் என்னை மோந்தார். "சவரம் பண்ணிட்டு என்னவோ தடவியிருக்கீங்க. கழுவிட்டு வாங்க." கழுவிவிட்டு வந்தேன். மறுபடியும் அனுப்பினார்.

பதினோரு வருடமாக இந்த அம்மா வாசனைச் சோப்பைத் தொட்டதில்லை. பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. "இவ வீட்டுக்கு வந்தது பாத்திரச் சத்தம் கேட்டாத்தான் தெரியும்" என்கிறார் கணவர்.

கூட்டுப்புழுவை மல்லாத்தி, வால் நுனியைப் பார்த்து ஆண், பெண் பிரிப்பது இவர் வேலை. இரண்டுக்கும் தனித்தனி அறை; பெண் அறைக்கு நீலக் கோட்டு, ஆண் அறைக்கு வெள்ளை. ஆண் பூச்சியின் உணர்கொம்பில் பெண்ணின் வாசனை விழுந்ததும், அங்கேயே இருக்கும் நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. எவ்வளவு வேகத்தில் என்பதுதான் ஆராய்ச்சி. சோதனைக்கு, அதுவரை அந்த வாசனையே படாத ஆண் பூச்சிகள் வேண்டும்.

"வாசல் மணி மாதிரி சார். அடிச்சா நிக்கணும். நின்னாத்தானே அடுத்த ஆள் வந்தது தெரியும்? பழைய வாசனையைக் கொம்பு தின்னு தீர்த்தாத்தான், புதுசு எந்தப் பக்கம்னு பூச்சி திரும்பும்."

நடந்தது இதுதான். இயக்குநர் விருந்தினர்களை அழைத்துவந்து பெண் அறையைக் காட்டினார். அதே நீலக் கோட்டோடு ஆண் அறைக்குள் நுழைந்தார். கோட்டை மாற்றச் சொல்லி அம்மா இரண்டு முறை கேட்டிருக்கிறார். ரெண்டு நிமிஷம்தானே என்றாராம். கோட்டில் ஒட்டியிருந்தது மனித மூக்குக்கு எட்டாத பெண் பூச்சி வாசனை. இருநூறு ஆண்களும் பித்துப் பிடித்து வலையில் மோதின. கொம்பு ஒடிந்து, இறக்கை கிழிந்து கிடந்தன. பதிவேட்டில் மணி, நிமிஷத்தோடு எழுதியிருக்கிறது. நானே படித்தேன்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு மெமோ: 'வாசனைத் திரவியம் பூசி வந்த கவனக்குறைவு.' குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதித் தராவிட்டால் வேலை நீட்டிப்பு இல்லையாம். சோப்பே போடாத மனுஷியிடம் போய்! டைப் அடித்த விரல் கூசியிருக்க வேண்டாமா? மோந்து பார்க்கக்கூட ஒருத்தருக்கும் நேரமில்லையா?

இயக்குநரிடம் போனேன். அவர் அறை கமகமவென்று இருந்தது. பதிவேடு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதோ நடந்துபோச்சு. நான் வருத்தப்பட்டேன்னு அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

வருத்தப்படுவதற்குக்கூட ஆள் வைத்துக்கொள்கிற பெரிய மனிதர். கொண்டுபோய்ச் சொன்னேன். அம்மா கூட்டுப்புழுவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் சொல்ல வேண்டியதை நீங்க எதுக்கு சார் சுமக்கிறீங்க? எழுதித் தரட்டும்."

மெமோவைத் திருப்பி, வெற்றுப் பக்கம் தெரிய மடித்து, தன் பேனாவையும் சொருகி என்னிடம் நீட்டினார். இயக்குநர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பத்து நாளாகிறது. அந்த ஒரு வரியும் வரவில்லை, பேனாவும் திரும்பவில்லை.

நேற்று போனபோது அம்மா பதிவேட்டைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்.