ஜெரால்டின் பாட்டு யாருக்கு?

பிரவுசிங் சென்டரிலிருந்து நம் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதுகிறேன்.

இன்று ஆவடியில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் ஜெரால்டின் பாட்டைக் கேட்டார். அவனே எழுதிப் பாடுவான். நான் கிடார் வாசிப்பேன்.

பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. "யார நென்ச்சி எய்துன நைனா? பொண்ணு எந்த ஏரியா?" என்றார்.

"பொண்ணு இல்ல சார், ஆம்பள. நான் அப்படித்தான்" என்றான் ஜெரால்ட். அவன் யாரிடமும் மறைப்பதில்லை.

அவர் முகம் மாறியது. என் பக்கம் திரும்பி, "நீயும் அப்டித்தானா?" என்றார்.

"ஐயோ, இல்ல சார். நான் கிடாருக்குத்தான் வந்தேன்" என்றேன்.

அந்தப் பாட்டு என்னை நினைத்து அவன் எழுதியது.

கேசட் பேச்சு அத்தோடு முடிந்தது. பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவனே டிக்கெட் எடுத்தான். பாடி ஸ்டாப்பில் இறங்கும்போது, "நாளைக்கு ஒத்திகைக்கு வந்துடு" என்றான்.

எந்த முகத்தோடு போவது? உங்களில் யாரிடமாவது ஒன்று இருந்தால் இரவல் கொடுங்கள்.