ஜெய்த்தூன் பீவி எழுதிய குற்ற ஒப்புதல்

வியட்நாமின் சைகோன் நகரில், கான் ஹொய் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், தொண்ணூற்றாறாம் ஆண்டில், ஜெய்த்தூன் பீவி ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தாள். மூன்று டிவி, மூன்று பழைய விளையாட்டுப் பெட்டிகள். கப்பல்காரர்கள் பழுதென்று தள்ளிவிட்ட பெட்டிகளை வாங்கி, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து அவளே உயிர் கொடுத்திருந்தாள். எழுபத்தைந்தில் சைகோன் வடக்குப் படையிடம் விழுந்த பிறகு காரைக்கால் சொந்தமெல்லாம் விமானம் ஏறிவிட்டது. அவள் ஏறவில்லை. சாக்குத் தைத்தாள், கிடங்குக் காவலாளி சேக்கைக் கட்டிக்கொண்டாள், நாற்பத்திரண்டு வயதில் கடை போட்டாள்.

அந்தக் கடைக்கு வட்டார அதிகாரி ஓர் ஆணையைக் கொண்டுவந்தார். படம் ஓடலாம், பாட்டு ஓடக் கூடாது. விளையாட்டுப் பாட்டு மனத்தைக் கெடுக்கும் நச்சுப் பண்பாடாம். இத்தனை நாள் அதைப் பரப்பிய குற்றத்தை அவளே எழுதி, தெருக் கூட்டத்தில் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் கடைக்குப் பூட்டு. அந்த ஊர் வழக்கம் அது. குடித்துவிட்டுச் சண்டை போட்டவனும் தெருவில் குப்பை கொட்டியவளும் எழுதிப் படிப்பார்கள். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அத்தோடு முடிந்தது.

"எழுதிக் குடுத்துட்டு வா புள்ள," என்றார் சேக். "தப்புத்தான்னு சொன்னா நாக்கா தேஞ்சு போவும்?"

"என்னா தப்புன்னு சொல்லுங்க, எழுதுறேன்."

"சத்தம்னு எழுது."

"விடியக்காலைல கம்பத்துல சர்க்காரு ஒலிபெருக்கி கத்துதே, செத்தவன் எழுந்து உக்காருற மாதிரி. அதுக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

"மெதுவா பேசு. செவுத்துக்குக் காது இருக்கு."

"இருக்கட்டும். அதாச்சும் கேக்கட்டும்."

காற்று அதிர்கிறது, காது கேட்கிறது, நெஞ்சு கலங்குகிறது. இதில் நஞ்சு எந்த இடத்தில் கலந்தது என்று எந்த அதிகாரியும் விளக்கவில்லை. விளக்க முடியாததைத் தடை செய்துவிடுவது அதிகாரத்தின் பழைய சோம்பல்.

மூன்று நாள் யோசித்து எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். பிளாஸ்டிக் முக்காலிகளில் நாற்பது பேர். அந்த அதிகாரிதான் தலைமை; முப்பது வயதிருக்கும். "படிங்க அக்கா," என்றார் வியட்நாமியத்தில். அவளும் அதே மொழியில் படித்தாள்.

"என் கடைப் பாட்டு செய்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். முதலாவது, மூட்டை தூக்கும் ஊத் அண்ணனை அழ வைத்தது."

வீட்டுக்குக் கடைக்குட்டியை அங்கே ஊத் என்பார்கள்; அறுபது வயதிலும் அவருக்கு அதுவே பெயர்.

"அவருக்கு விளையாடத் தெரியாது. காசு கொடுத்து வேறு ஆளை ஆட வைப்பார். கடலடிக் கட்டம் வந்ததும், 'மேலே போகாதே, சாகாமல் அங்கேயே நீந்து' என்பார். பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கும். திரும்பக் கேட்பார். பதினேழு வருஷத்துக்கு முன் நாட்டை விட்டுப் படகேறிப் போய்த் தகவலே வராத மகனுக்காக அவர் எங்கும் அழுததில்லை. என் கடையில் அழுதார்."

கொட்டாவிகள் நின்றன. ஊத் தலை குனியவில்லை.

"இரண்டாவது, புருஷனிடம் அடி வாங்கும் ஒரு பெண், கடைசிக் கோட்டைக் கட்டத்தின் பாட்டை மூன்று நாள் வந்து கேட்டாள். நாலாம் நாள் ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். பெயர் சொல்ல மாட்டேன்."

"சொன்னா என்ன? நான்தான்!" என்று பின்வரிசையிலிருந்து எழுந்தாள் சலவைக்கார மாதலேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தன் செருப்பை ஆராயத் தொடங்கினான்.

"மூன்றாவது, போன புதன்கிழமை ஆணையைக் கொண்டுவந்த அதிகாரி, நான் அதைப் படித்து முடிக்கிறவரை காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"அக்கா, இது ஒப்புதலா, கிண்டலா?" என்றார் அதிகாரி.

"நடந்தது தம்பி. பொய்யின்னா சொல்லுங்க, அந்த வரிய அடிச்சிடுறேன்."

அதிகாரி தாளம் போட்ட காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இந்தப் பாட்டு கேடானதுன்னு கடைசில ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்க. போதும்."

"எழுதுனதுக்குத்தான் கையெழுத்து. எழுதாததுக்கு இல்ல." அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

நாற்பது பேர் சிரித்த பிறகு கடையைப் பூட்ட அவருக்குத் துணிவு வரவில்லை. மூன்று டிவிகளின் ஒலிபெருக்கிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் ஊத் வந்தார். வழக்கம்போல் வேறொருவனை ஆட வைத்தார். நீச்சல்காரன் ஊமைக் கடலில் இறங்கினான். ஊத் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரகரத்த தொண்டையால் அந்த மெட்டை முனக ஆரம்பித்தார். ஒரு சுரமும் பிசகவில்லை. இரண்டு கூலிகள் கீழ்க்குரலைப் பிடித்தார்கள். துணிக்கூடையோடு தெருவில் போன மாதலேன் வாசலில் நின்று மேல்குரலை எடுத்தாள். சந்து முழுக்கக் கேட்டது.

அதிகாரி ஓடி வந்தார். "யாரு பாட்டுப் போட்டது?"

"யாரும் போடல தம்பி. வாய்தான். கழட்டணும்னா திருப்புளியோட உள்ள வாங்க," என்றாள் ஜெய்த்தூன் பீவி. பின்னால் நின்ற சேக் சத்தமில்லாமல் அதே மெட்டுக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வாசற்படியிலேயே நின்றார். அவள் உள்ளே திரும்பினாள்.

"ஊத் அண்ணே, இன்னும் ஏத்திப் பாடுங்க!"