ஃபியூஸ் இல்லாத வயர்

எங்கள் பழைய காரின் எக்சாஸ்ட் குழாயில், வெளியேறும் புகையை அளக்கும் நான்கு வயர் ஆக்சிஜன் சென்சாரை நானே பொருத்தினேன். ஃபியூஸ் வைக்காமல் தரைவிரிப்புக்கு அடியில் வயரை இழுத்தேன். மறுநாள் மகளுடன் சிரம்பானுக்குப் புறப்பட்டேன். சாலை செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் புகை வாடை அடித்தது.

"லயத்து வீட்டுல குப்பை கொளுத்துறாங்கமா" என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன்.

"உள்ளதான் அடிக்குது லா, அப்பா! கால் சுடுது!"

"பேசாம உக்காரு. தோட்டம் தாண்டட்டும்."

இருமினாள். பிறகு சத்தமே இல்லை. திரும்பினால், அவள் காலடியில் விரிப்பு கருகிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி அவளை வெளியே இழுத்துப் போட்டேன். சற்று நேரம் கழித்துத்தான் அழுதாள்.

சூடான எக்சாஸ்ட் குழாயில் பட்டு வயரின் உறை உருகி ஷார்ட் ஆகியிருந்தது; தடுக்க ஃபியூஸ் இல்லாததால் விரிப்புக்கு அடியில் வயர் முழுவதும் காய்ந்து எரிந்திருந்தது. இப்போது வயரிங் வேலையை கார் வயர்மேனிடமே கொடுக்கிறேன். மகள் நலம்தான். ஆனால் காரில் ஏறினால் வாய் திறப்பதில்லை. வழிநெடுக நான்தான் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்: "ஏம்மா, ஏதாச்சும் வாடை அடிக்குதா?"