ராஜகுமாரியின் புடவை என்ன நிறம்

பிள்ளைகளே, நேற்று சினிமா பார்த்துவிட்டு வந்து, "படக்கதையில வந்தா மாதிரியே இல்ல" என்று மூன்று பேரும் சாப்பிடாமல் சண்டை போட்டுக்கொண்டீர்கள். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். இப்படி ஒரு சண்டையில்தான் எங்கள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதை எழுதிவைக்கிறேன். என் படிப்பு எட்டாவதோடு சரி. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் படக்கதை வந்துகொண்டிருந்தது. ஒரு ராஜகுமாரி பெரிய கழுகின் முதுகில் ஏறி நாடு நாடாகப் போவாள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவுத் தெருவுக்கே ஒரு பிரதிதான். அது தறி தறியாகக் கைமாறி எங்களிடம் வரும்போது ஓரமெல்லாம் கஞ்சிக் கறையாக இருக்கும். படங்கள் கறுப்பு மையில் அச்சடித்தவை. ராஜகுமாரியின் புடவையும் கறுப்பு. கரையை மட்டும் வெள்ளையாக விட்டிருப்பார்கள். அது ஜரிகை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புடவையின் உடல் கறுப்பு என்பதைத்தான் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல நாளில் ராஜகுமாரி எதற்குக் கறுப்புக் கட்டுகிறாள்? அச்சுக்காரனுக்கு வேறு மை இல்லை, அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு படித்தார்கள். எங்கள் வீட்டில் அது அரக்குச் சிவப்பு. அடுத்த வீட்டில் என்ன நிறம் என்று நாங்கள் கேட்டதில்லை. கண்ணுக்குத் தெரிகிறதே, கேட்க என்ன இருக்கிறது?

எனக்கு உங்கள் அம்மாவைப் பேசி முடித்தார்கள். கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் செலவு. மற்றவர்கள் கடையில் எடுப்பார்கள், நாங்கள் நெய்வோம். பெண்ணுக்கு அந்த ராஜகுமாரி புடவை மாதிரி வேண்டும் என்று அவள் அப்பா கேட்டார். என் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். தாராளமாக என்று சொல்லி, நீள இழைக்கு அரக்குச் சாயம் தோய்த்துத் தறியில் பாவு ஏற்றச் சொன்னார். நானும் ஒரு சாண் நெய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் படக்கதையைச் சினிமாவாக எடுத்து, கலரில், எங்கள் டெண்டுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து போனோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மணலில் என் அப்பாவும் வருங்கால மாமனாரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தார்கள். ராஜகுமாரி வெளிர் நீலப் புடவையில் வந்தாள்.

இடைவேளையில் கொட்டகை முழுக்க ஒரே பேச்சு. மாகறலில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர், "கழுகா அது? கோழிக்கு வேஷம் கட்டி உட்டிருக்கான்பா" என்றார். அவரோடு வந்தவர், "கயிறு தெரியுது, பார்த்தியா?" என்றார். டீ விற்றுக்கொண்டிருந்தவர், "பேப்பர்ல வாயே தொறக்க மாட்டா. இதுல மூடவே மாட்டேன்றா" என்றார்.

எங்கள் தெருக்காரர்கள் கழுகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராஜகுமாரி கழுகின் மேல் போவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

"இன்னா சம்பந்தி, நீலத்தைக் கட்டி உட்டுட்டானே" என்றார் என் அப்பா.

"அதான் எனக்கும் வவுறு எரியுது சம்பந்தி. அம்சமா பச்சை கட்டிக்கினு இருந்த பொண்ணு."

"பச்சையா? அரக்கு இல்ல?"

"அரக்குன்னு யார் சொன்னது?"

"சொல்லணுமா? செவப்பைப் போட்டோ புடிச்சா கறுப்பாதான் விழும்."

"பச்சையைப் புடிச்சா மட்டும் வெள்ளையாவா விழும்?"

நடுவில் இருந்த ஒருவர், "அதான் நீலம்னு காட்டிட்டானே, உடுங்கப்பா" என்றார். இருவரும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பி, "படம் எடுக்கறவனுக்குப் புடவையைப் பத்தி இன்னா தெரியும்?" என்றார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

"என் பொண்ணு அரக்கு கட்டிக்கினு மணையில குந்த மாட்டா."

"என் தறியில பச்சை ஏறாது."

மீதிப் படத்தை இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதாம்பூலம் என்று இருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் போகவில்லை. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் அவர்கள் வீடு. நான் அந்தப் பக்கம் வேலை இல்லாமலே சைக்கிளில் போய்வந்தேன். கதவு திறந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் உங்கள் அத்தைதான் கோயிலில் உங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். வந்து அப்பா காதுபடவே என்னிடம் சொன்னாள்: "அண்ணா, அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன், கோச்சுக்காத. 'பாவு அவங்க அரக்காவே இருக்கட்டும், ஊடையை எங்கப்பாவோட பச்சையில போட்டா ஆவாதா? மாந்தளிர் நெய்யத் தெரியலன்னா சொல்லச் சொல்லு, நான் வந்து போடறேன்'னாங்க."

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். நீளவாக்கில் பாவாகச் சிவப்பு இழையும் குறுக்கே ஊடையாகப் பச்சை இழையும் ஓடினால், துணி ஒரு பக்கம் சாய்த்தால் ஒன்றாகவும் மறுபக்கம் சாய்த்தால் இன்னொன்றாகவும் மின்னும். இந்த மாந்தளிர் நெசவு எங்கள் தெருவில் தெரியாதவர் இல்லை. ஆனால் ராஜகுமாரி விஷயத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"பாவு நம்முதுதானே?" என்று கேட்டார் அப்பா.

"நம்முதுதான்."

"பாவுதான் புடவை. ஊடை இன்னாவா இருந்தா இன்னா. போய்ச் சொல்லு."

அங்கே உங்கள் தாத்தா, "ஊடைதான் மேல தெரியும். போவுது, பெரிய மனசு பண்ணிட்டாரு" என்றாராம். அந்த வெள்ளிக்கிழமையே தாம்பூலம் மாற்றினோம்.

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் தறிக்குழியில் இறங்கி, முன்பு நெய்திருந்த ஒரு சாண் துணியிலிருந்து அரக்கு ஊடையை இழை இழையாக உருவி எடுத்தேன். பிறகு குறுக்கே ஓடும் நாடாவில் பச்சை நூலைப் போட்டு, அது விழுகிற அழகைப் பார்த்துக்கொண்டே நாலு விரல் அகலம் நெய்தேன்.