கட்டிலுக்கடியில் மஞ்சள் கோடுகள்

வெண்டலிடம் எதைக் கேட்டாலும் முதலில் "வேண்டாம்" என்பார். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் பனிப்பிரதேசமான வடக்கு டகோட்டாவில் எல்லாருமே அப்படித்தான், நானும் அந்தப் பக்கம்தான். எங்கள் வீடுகளில் காப்பி வேண்டுமா என்று கேட்டால் "ஐயோ, வேண்டாம்" என்போம். மறுபடி கேட்டால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான் "சரி, ஏற்கெனவே போட்டிருந்தா அரைக் கோப்பை" என்று இழுப்போம். கேட்டவள் அந்த அரைக் கோப்பையைத் தளும்பத் தளும்ப ஊற்றித் தர வேண்டும். கேட்டவுடனே கை நீட்டுகிறவன் அலைகிறவன், ஒரு தடவையோடு கேட்பதை நிறுத்திக்கொள்கிறவள் கஞ்சம். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. நிஜமாகவே காப்பி வேண்டாதவன் என்ன சொல்லித் தப்பிப்பான் என்று எங்கள் பெரியவர்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை.

வெண்டல் அந்த ஓட்டையில் விழுந்த மனிதர்.

தெற்கே பாலைவன அரிசோனாவில் எங்கள் ட்ரெய்லர் பார்க், சக்கரம் வைத்த தகர வீடுகள் வரிசையாக நிற்கிற இடம், குளிருக்குப் பயந்து ஓடிவருகிற கிழங்களுக்கென்றே ஆனது. நவம்பரில் வருவோம், ஏப்ரல் கடைசியில் வெயில் கொளுத்தத் தொடங்கியதும் வடக்கே திரும்புவோம். என் ட்ரெய்லருக்கும் வெண்டல் ட்ரெய்லருக்கும் நடுவில் ஓர் ஆள் குறுக்காகப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். சுவர்களோ தகரம். அவர் வீட்டில் கரண்டி விழுந்தால் நான் குனிந்து பார்ப்பேன்.

பார்க்கில் இருப்பது ஒரே ஒரு டென்னிஸ் மைதானம். டென்னிஸ்காரர்கள் பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள். பிக்கிள்பால் ஆடுகிறவர்கள்தான் அதிகம். மரமட்டையும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பந்துமாகச் சின்ன இடத்தில் ஆடுகிற ஆட்டம், முழங்கால் போனவர்களுக்குத் தோது. ஆனால் தரையில் டென்னிஸ் கோட்டைத் தவிர வேறு கோடு வரையக் கூடாது என்று நிர்வாகத்தில் சட்டம் வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் ரப்பர் கோடுகள் வந்தன. பட்டையான மஞ்சள் துண்டுகள், மூலைக்கு மடக்கு வைத்த துண்டுகள். காலையில் தரையில் பரப்பி ஆடிவிட்டு, டென்னிஸ்காரர்கள் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அந்தக் கோட்டுப் பை வெண்டல் தலையில் எப்படி விழுந்தது என்பதற்கு நானே சாட்சி. எங்கள் ஆட்டக் கூட்டத்துக்குத் தலைவி டோரீன். அவள் பேசினால் பக்கத்துப் பார்க் நாய் குரைக்கும்.

"வெண்டல், நீ வயக்காட்டுல டிராக்டர் ஓட்டினவன்தானே? உனக்குக் கோடு நேரா வரும். இந்தப் பையை நீ வச்சுக்க."

"ஐயோ, வேண்டாம் டோரீன்."

"அட, வச்சுக்கப்பா."

"வேற யாராவது என்னைவிட நல்லாச் செய்வாங்க."

"யாரு, இந்த லோர்ன் பயலா? அவன் கோடு போட்டா வாத்து நடந்த மாதிரி இருக்கும். நீயே வச்சுக்க."

லோர்ன் கனடாவின் ஆல்பர்ட்டாக்காரன், டென்னிஸ் கட்சி. அவன் முறைத்தான். வெண்டல் தன் ஷூ முனையைப் பார்த்தபடி நின்றார். "சரி, யாரும் இல்லேன்னா..." என்றார். அவ்வளவுதான், பை தோளுக்கு வந்துவிட்டது. அந்த மனிதன் இரண்டு தடவை மறுத்ததும் மனசார மறுத்தது என்று அங்கே ஒருத்தருக்கும் படவில்லை. எனக்கும்தான்.

அன்றிலிருந்து விடியுமுன் வெண்டல் மைதானத்தில் முழங்காலில் இருப்பார். கயிறு பிடித்து அளந்து, மூலைத்துண்டு வைத்து, நடுத்துண்டு பரப்பி, காலால் நீவிவிடுவார். அந்த ரப்பரை இஷ்டத்துக்குச் சுருட்டி வைத்தால் மறுநாள் பாம்பு மாதிரி வளைந்துகொண்டு தரையில் படியாது. நீட்டித்தான் வைக்க வேண்டும். ட்ரெய்லருக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கட்டிலுக்கடியில். ஆகவே வெண்டல் ராத்திரி முழுக்க அந்தக் கோடுகளுக்கு மேலேயே தூங்கினார். ரப்பர் நாற்றத்தில் கனவுகூட வருவதில்லை என்று ஒருநாள் சொன்னார். வேறு புகார் எதுவும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அவருக்கு ஆட்டம் பிடிக்காது. வெயில் பிடிக்காது. அவருக்குப் பிடித்ததெல்லாம் உறைந்த ஏரி. பனிக்கட்டியில் துளை போட்டு, மேலே ஒரு பலகைக் குடிசை வைத்து, தூண்டிலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது. மீன் விழுந்தால் சரி, விழாவிட்டால் இன்னும் சரி. பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். அந்த ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவர் வீடு. அவர் ஆயுசில் ஆசைப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

அவர் மனைவி ஆர்டிஸ் நேர்மாறு. ஊரில் இருந்தவரை பனிக்காலம் முழுக்க ஜன்னலோரம் வாடிக்கிடந்தவள் இங்கே வந்ததும் முயல்குட்டியாகத் துள்ளினாள். காலையில் ஆட்டம், மதியம் சீட்டு, சாயங்காலம் நடை. அவளைக் குற்றம் சொல்ல என்னால் ஆகாது. நல்லவள், வெண்டல் மேல் உயிர். அதனால்தான் ஊர் வீட்டை விற்கிற விஷயத்தைக்கூட முறைப்படி கேட்டாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்த ஓர் இளம் தம்பதி அந்த வீட்டைக் கேட்டிருந்தார்கள். ஆர்டிஸ் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒருநாள் கேட்டது தகரச் சுவர் வழியாக என் காதில் விழுந்தது.

"வெண்டல், வித்துட்டு வருஷம் பூரா இங்கயே இருந்துடலாமா?"

"வேண்டாம்."

ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். "வேண்டாம்னுதான் தோணுது" என்றார். மார்ச்சில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மறுபடி கேட்டாள். துடைக்கிற சத்தம் நின்றது.

"உன் இஷ்டம்."

ஆர்டிஸ் அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தூங்கப் போனாள். அவள் கணக்கில் அது அரைக் கோப்பை. இனி தளும்ப ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

வெண்டலுக்கு வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பீர்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒருவர் குடும்ப விஷயத்தில் இன்னொருவர் நுழைவது எங்கள் பக்கத்தில் திருடுவதற்கு அடுத்த பாவம்.

ஏப்ரலில் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. ஒருநாள் ஐஸ்கிரீம் வாங்கக் கடைக்குப் போனேன். குளிர்ப்பெட்டிகள் இருக்கிற வரிசையில், உறைந்த பட்டாணி இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு வெண்டல் நின்றிருந்தார். கண்ணாடியெல்லாம் வெண்பனி. முகத்தை உள்ளே நீட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"வெண்டல், இந்நேரம் இங்க என்ன பண்றே? கோடெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

அவர் கதவை மெல்ல மூடினார். "மறந்துட்டேன்" என்றார்.

மறந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். மறந்தவன் காரை நோக்கி ஓடுவான். இவர் நிதானமாக ஒரு பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கோடு எடுக்காவிட்டால் டென்னிஸ்காரர்கள் கொதிப்பார்கள், நிர்வாகம் பிக்கிள்பாலையே தடை செய்யும், ஆட்டம் இல்லாவிட்டால் ஆர்டிஸுக்கு இந்த ஊர் புளித்துவிடும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத மனிதன் எவ்வளவு பெரிய திட்டம் போட்டிருக்கிறான் பாருங்கள்!

நான் திரும்பி வரும்போது மைதானத்தில் கூட்டம். உச்சி வெயிலில் ரப்பர் இளகித் தரையோடு ஒட்டிக்கிடந்தது. லோர்ன் ஒரு துண்டைப் பிடித்து இழுக்க, தரையின் பச்சைப் பூச்சும் தோலாக உரிந்து வந்தது.

"யாருடா இந்த வேலை பார்த்தது? மைதானம் போச்சு!" என்று குதித்தான். எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்த வெண்டல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அன்று ஒரு நிம்மதி. ஜெயிலுக்குப் போகத் தயாரானவன் நிம்மதி அது.

ஆனால் யாரும் அவரைத் திட்டவில்லை. டோரீன் லோர்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏய், கத்தாதடா! எழுபத்திரண்டு வயசுல மனுஷன் தினம் இந்த வெயில்ல மண்டி போடுறான். தலை சுத்தியிருக்கும். நீ ஒரு நாளாவது குனிஞ்சிருக்கியா? உன் வயித்துக்கு மேல உன் ஷூவே உனக்குத் தெரியாது!"

எல்லாரும் சிரித்தார்கள், லோர்னும்கூட. தரைக்கு எப்படியும் அடுத்த மாதம் புதுப்பூச்சு அடிக்கத்தான் போகிறோம், அதுவரை ஓர் ஓரத்தை மூடிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெண்டலின் கட்டிய கைகள் தானாகக் கீழே தொங்கின.

சனிக்கிழமை பொதுக்கூடத்தில் விருந்து. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தோம். ஆர்டிஸ் கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்தது, நான் எலுமிச்சைக் கேக். சாப்பாட்டு நடுவில் டோரீன் கரண்டியால் டம்ளரைத் தட்டினாள். பழைய ரப்பர் தேய்ந்துபோனதால்தான் ஒட்டிக்கொண்டது என்றும், எல்லாருமாகச் சேர்ந்து புதுசு வாங்கியிருக்கிறோம் என்றும் சொன்னாள். வெயிலில் இளகாத ரகமாம். பையின் மேல் கறுப்பு மையில் "வெண்டல்" என்று பெரிதாக எழுதியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வெண்டல் அதை வாங்கிக்கொண்டு, "இதெல்லாம் எதுக்கு" என்றார். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலிலேயே ஆர்டிஸ் எழுந்தாள். "இன்னொரு சேதி. நாங்க வீட்டை விக்கிறோம். திங்கக்கிழமை கையெழுத்து. இனிமே நாங்க இங்கதான்!"

அன்று ராத்திரிதான் அந்தத் தகரச் சுவருக்கு அப்பால் வெண்டல் குரல் உயர்ந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"நான் வேண்டாம்னேன் ஆர்டிஸ்! ரெண்டு தடவை வேண்டாம்னேன்!"

"எல்லாரும்தான் ரெண்டு தடவை வேண்டாம்பாங்க! மூணாம் தடவை நீ என்ன சொன்னே?"

"மூணாம் தடவை ஏன் கேட்டே? வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம்!"

பிறகு ஆர்டிஸ் அழுகிற குரலில் சொன்னாள். "அம்பது வருஷமா நீ சொன்னதையெல்லாம் நான் தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேனா? சரி. இனிமே நீ ஒரு தடவை சொன்னாப் போதும். அதுதான் உன் வார்த்தை. மறுபடி கேக்கவே மாட்டேன். சத்தியம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெகுநாள் அடைத்திருந்த ஜன்னலை யாரோ திறந்துவிட்ட மாதிரி. இனி வீடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை புதுக்கோடுகளைப் பரப்பினார் வெண்டல். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் டோரீன் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். ஆர்டிஸ் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெண்டல் பக்கத்தில் வந்தாள். கையில் போன். அவள் கண் வீங்கியிருந்தது. ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டாள். தனக்குப் பிடித்த எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாராகி வந்திருந்தாள், பார்த்தாலே தெரிந்தது.

"வெண்டல், இப்பவே அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு விக்கலைன்னு சொல்லிடவா? நாம வீட்டுக்குப் போயிடலாம். சொல்லு, போன் போடவா?"

வெண்டல் முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் ஏரியே தெரிந்தது. சொல்லப்போகிறார் என்று நான் ஷூக் கயிற்றைக் கட்டாமலே நிறுத்திவிட்டேன்.

"ஐயோ, வேண்டாம்" என்றார். "உனக்கெதுக்குச் சிரமம்."

எழுபத்திரண்டு வருஷப் பழக்கம். மனசுக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. சொல்லி முடித்ததும் அவருக்கே தெரிந்தது. புருவத்தைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து, அவள் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பிறந்தவர் எவரும் அப்படித்தான் காத்திருப்பார்.

"நிஜமாத்தான் சொல்றே, இல்ல?" என்று கேட்க ஆர்டிஸ் வாயெடுத்தாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தியம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குனிந்து அவர் நெற்றியில் முத்தம் வைத்தாள்.

"சரி வெண்டல். நீ சொன்னா சரி. நான் திருப்பிக் கேக்கமாட்டேன்."

"ஆர்டிஸ், உன் ஆட்டம்டீ! வா!" என்று டோரீன் கத்தினாள். ஆர்டிஸ் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் அவ்வளவு லேசாக ஓடி நான் பார்த்ததில்லை.

வெண்டல் கையில் கடைசி மூலைத்துண்டு இருந்தது. அதை வைத்தால்தான் ஆட்டம் தொடங்கும். அவர் இன்னும் கொஞ்சநேரம் அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டைத் தரையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி நீவிவிட்டார்.