நடுப்பாகம் வருவதற்குள் மூடிய பெட்டி

அன்றைக்குத் திண்டிவனத்தில் அந்த வீட்டின் முன்ஹாலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அங்கே இல்லை என்று பேசக்கூடாது. சவப்பெட்டியில் ஞானப்பிரகாசம் வாத்தியார். சன்னல் பக்கம், தலைமாட்டில், அவர் தங்கை ரோசலின் அக்கா. அக்காவுக்குப் பின்னால் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் தணிகாசலம். கால்மாட்டில் வாத்தியாரின் மகன் ஸ்டீபன், அன்று காலைதான் பெங்களூரிலிருந்து வந்தவன். கதவோரம் கோட்டக்குப்பம் இப்ராஹிம் பாய். ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்தில் தரையில் நான், கோலியனூர் கன்னியம்மா.

செய்தி வந்தபோது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்றுக்கொண்டிருந்தேன். போனில் ரோசலின் அக்கா, "கன்னிம்மா, அண்ணன் போயிட்டாரு. ஜல்தி வா" என்றார். நான் நம்பவில்லை. "யாரு சொன்னாங்க?" என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? நான்தான் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார். கூடையைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். டிரைவர் வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி டீ குடித்தான். அவன் முகத்தையும் நான் மறக்கவில்லை.

வாத்தியாருக்கு நினைவு மலர் போடுகிறோம், நீயும் எழுது என்று சர்ச்சில் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஞாபகம் மட்டும் எந்த வகுப்போடும் நின்றுவிடவில்லை.

மாதாகோயிலில் பூசைக்கு வயலின் வாசித்த வாத்தியாரைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வாத்தியார் வேறு ஆள். குயிலாப்பாளையம் பக்கம் வீட்டைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரர்களிடம் அவர் வாங்கி வைத்த ரெக்கார்டுகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. எல்லாம் கான்சர்ட்டோ. நடுவில் ஒரே ஒரு வயலின், சுற்றி ஐம்பது பேர் வாசிப்பார்கள். மூன்று பாகம். மூன்றும் முடிகிறவரை யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. இரண்டு பாகத்துக்கு நடுவே பத்து எண்ணுகிற அளவுக்கு ஓர் அமைதி வரும். அதிலும் மூச்சு விடக்கூடாது. டீ கடைசியில்தான்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் மல்லாட்டை விற்றுக்கொண்டு அந்தத் தெருவில் போனபோது காதில் விழுந்து, கூடையோடு வாசலில் நின்றுவிட்டேன். "உள்ள வந்து உக்காரும்மா, வாசல்ல பாதிதான் கேக்கும்" என்றார் வாத்தியார். "அந்தக் கூடைய வெளிய வைக்கச் சொல்லுங்க சார்" என்றார் தணிகாசலம். அந்தச் சொல்லும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

முதலில் அந்த ஐம்பது பேரை நான் நம்பவில்லை. ஒத்தை வயலின் பேசப் பேச இவர்கள் குறுக்கே விழுந்து அடக்குகிறார்கள் என்று நினைத்தேன். திடீரென்று ஓர் இடத்தில் ஐம்பது பேரும் நிறுத்திவிட்டார்கள். வயலின் தன்னந்தனியாகத் தவித்தது. "பாத்தீங்களா, நட்டாத்துல விட்டுட்டு ஓடிட்டானுங்க" என்றேன். பேசிவிட்டேன் என்று தணிகாசலம் முறைத்தார். வாத்தியார் ரெக்கார்டு முடிந்த பிறகு சொன்னார்: "ஓடல கன்னியம்மா. அது பேசி முடிக்கட்டும்னு காத்துக்கினு இருக்காங்க."

இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. ரெக்கார்டுகளை அட்டையை வைத்துத்தான் அடையாளம் வைத்தேன். தணிகாசலத்துக்குப் பிடித்தது தங்க எழுத்து அட்டை. ஆரம்பத்தில் மேளம், பிறகு வயலின் வரவே வெகுநேரம் ஆகும். அவரைப் போலவே. இப்ராஹிம் பாய்க்குக் கடைசிப் பாகத்தில் குதிரை ஓட்டமாக ஓடும் பச்சை அட்டை. எனக்குக் கறுப்பு அட்டை. அதன் நடுப்பாகத்தில் வயலின் மெல்லப் பாடும். செத்துப்போன என் மூத்த மகள் தூக்கத்தில் முனகுவதுபோல இருக்கும். ஒரு ஞாயிறு அதைப் போடச் சொன்னபோது, "கீறல் விழுந்துடுச்சும்மா" என்றார் தணிகாசலம். அடுத்த வாரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை.

"வெறும் நடுப்பாகத்தை மட்டும் போடுங்களேன்" என்று ஒருமுறை கேட்டேன். வாத்தியார் சிரித்தார். "முதல் பாகம் கேக்காம நடுப்பாகத்துக்கு வர்றவன், பாயசம் ஊத்துற நேரம் பாத்துப் பந்திக்கு வந்தவன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "பெட்டிய மூடுறதுக்கு முன்ன கறுப்பட்டைய ஆரம்பத்துலேர்ந்து போடச் சொல்லு. நடுப்பாகத்தோட போயிடறேன். எனக்கு எப்பவுமே பிடிச்சது அதான்."

அதைத்தான் அன்று ஹாலில் சொன்னேன். தணிகாசலம் எழுந்து நின்றார். "ஏம்மா, உனக்கு என்ன தெரியும்? அவருக்குப் பிடிச்சது தங்க எழுத்து. என்கிட்டயே சொல்லியிருக்காரு."

"என்கிட்ட குதிரை ஓட்டம்னாரே" என்றார் பாய், ரொம்பச் சன்னமாக.

இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். ஸ்டீபன், "இது என்ன பேஜாரு! ஃபாதர் நாலு மணிக்கு வர்றாரு. எதையாவது போடுங்க" என்றான். ரோசலின் அக்காதான் முடித்துவைத்தார். "எங்கண்ணன் யார் மனசும் நோகக்கூடாதுன்னு எல்லாருக்கும் தலையாட்டுவாரு. கடைசியா கேட்டது கறுப்பட்டைதான். போடு கன்னிம்மா."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். முதல் பாகம் கால் மணி நேரம் ஓடி முடிந்தது. அமைதி வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆயிடுச்சு, தூக்குங்க" என்று சன்னல் பக்கமிருந்து ஒரு குரல். அழுது கட்டிப்போன குரல். ஆண் பெண் தெரியவில்லை. நான் கண் திறப்பதற்குள் மூடி விழுந்துவிட்டது. "ஐயோ, ஆகல! இன்னும் இருக்கு!" என்று கத்தினேன். வாசலில் நின்ற ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கும்போதுதான் நடுப்பாகம் ஆரம்பித்தது. பாய் கதவில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார், பிறகு அவரும் போனார். பாட்டு ஓடும்போது எழுந்திருக்கக்கூடாது. நான் எழுந்திருக்கவில்லை. காலி ஹாலில் கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன். அதனால் வாத்தியாருக்கு ஒரு பிடி மண்கூட நான் போடவில்லை.

அந்தக் குரல் யாருடையது என்று கணக்குப் போட்டேன். ஸ்டீபன் கால்மாட்டில் இருந்தான். பாய் கதவோரம் இருந்தார். சன்னல் பக்கம் இருந்தவர் தணிகாசலம். தன் ரெக்கார்டைப் போடவில்லை என்ற ஆத்திரம். "நான் வாயே தொறக்கலம்மா" என்று சத்தியம் செய்தார். கீறல் என்று சொன்ன வாய்தானே என்று திருப்பிக் கேட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ரோசலின் அக்காவோடு அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். தணிகாசலத்தைத் திட்டிக்கொண்டே துலக்கினேன். அக்கா குழாயை மூடினார்.

"அவர் சொல்லல கன்னிம்மா. நான்தான் சொன்னேன்."

"முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சீங்களா?"

"முடியலன்னு எனக்குத் தெரியாதா? முதல் அமைதி வந்தா டம்ளர் எடுத்து வைக்கணும். ரெண்டாவது வந்தா பால் ஏத்தணும். பதினாறு வருஷமா எனக்கு அதுதான் பெல்லு."

"அப்புறம் ஏங்க்கா?"

"ரோசி, நீயும் வந்து உக்காருன்னு அண்ணன் ஒரு நாளும் சொன்னதில்ல. நடுப்பாகம் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்கும் சரியாத் தெரியாது, மிக்ஸி சத்தத்துலயும் குக்கர் சத்தத்துலயும் கேட்டதுதான். அன்னிக்கு அந்த அமைதி வந்ததும், அவரும் அதைக் கேக்காம போகட்டும்னு வாயில வந்துடுச்சு. வந்த பிறகு திருப்பி எடுக்க முடியல."

அந்த டீயை நானும் பதினாறு வருஷம் குடித்திருக்கிறேன். சர்க்கரை ஜாஸ்தி என்று ஒருதரம் குறையும் சொன்னேன்.

வாத்தியாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கறுப்பு அட்டை ரெக்கார்டு. அக்காதான் கொடுத்தார். என் வீட்டில் பிளேயர் கிடையாது. அவர் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கமும் இருக்கிறது: பஸ் ஸ்டாண்டில் சண்டை வந்தால் எதிராளி பேசி முடிக்கும்வரை விடுகிறேன், பிறகுதான் திட்டுகிறேன்.

ரோசலின் அக்காவை அந்த அடுப்படியிலேயே மன்னித்துவிட்டேன். தணிகாசலத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கீறல் விஷயம் இன்னும் தீரவில்லை, ஆனால் அது சின்ன விஷயம். பெரிய விஷயம், அக்காவை ஒருநாளும் வந்து உட்காரச் சொல்லாதது. அதில் நான் மன்னிக்காத ஆள் ஒரே ஒருவர். அவர் கல்லறைக்கு மாதம் தவறாமல் பூ கொண்டுபோகிறேன். வைத்துவிட்டு அவரிடமே சொல்லிவிட்டுத்தான் வருகிறேன், மலரில் போடுவதால் உங்களுக்கும் சொல்கிறேன்: ஞானப்பிரகாசம் வாத்தியார்.